பினாங்கு ஈன்ற பெருங்கலைஞர் மர்ஹூம் பி. ரம்லி

ஜார்ஜ் டவுனில் ஜாலான் பி. ரம்லி என்றொரு சாலை இருக்கிறது. கவுண்டர் ஹால் ரோடு என்பது அதன் பழைய பெயர். அந்தச் சாலையில் 1926-ஆம் ஆண்டில் கட்டப்பெற்ற பலகை வீடு ஒன்றைத் தேசிய ஆவணக் காப்பகத்தார் பழுதுபார்த்துப் பாதுகாத்து வருகிறார்கள். மலாய்த் திரையுலகின் தலைசிறந்த நடிகரும், பாடகரும், இசையமைப்பாளரும், இயக்குநருமாக விளங்கிய மர்ஹூம் பி. ரம்லி அவர்கள் பிறந்து வளர்ந்த இல்லம் அதுவே.

சினிமாக்காரர் ஒருவரின் சரிதை நம் சங்க மடலுக்கு எதற்கு என்று பெரியவர்கள் சிலர் கேட்கக் கூடும். கேள்வியில் நியாயம் உண்டு. அவர் நம் ஊர்ப் பிள்ளை. நம் தீன் சகோதரர். அவர் வாழ்ந்து காட்டிய கலைக்கு வித்திட்டவர்களில் நம் முன்னோரும் இருக்கிறார்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, அவருடைய வரவு செலவுக் கதையில் வியாபாரிகளாகிய நாம் கற்றுக்கொள்ள வேண்டிய பாடம் ஒன்று அடங்கியிருக்கிறது. ஆகவே சகோதரர்கள் பொறுமையுடன் இறுதிவரை வாசிக்குமாறு வேண்டுகிறோம்.

நம்மவர் இட்ட வித்து

மலாய் நாடகத்தின் பிறப்பிடம் பினாங்கு. 1870-களில் இந்தியாவிலிருந்து பார்ஸி நாடகக் குழுவினர் கப்பலேறி வந்து, கொட்டகை போட்டு, இந்துஸ்தானி மொழியில் ஆட்டம் நடத்தினார்கள். ஆட்டமும் பாட்டும் ஊராரைக் கவர்ந்தன. பாஷைதான் பலருக்கு விளங்கவில்லை. அதே முறையில் மலாய் மொழியில் நடத்தினால் என்ன என்ற எண்ணம் உள்ளூரார் மனத்தில் எழுந்தது. 1880-களில் மாமாக் பூஷி என்ற இந்திய முஸ்லிம் பிரமுகர், பூஷி இந்திரா பங்சாவான் என்னும் குழுவைப் பினாங்கில் நிறுவினார். பங்சாவான் எனப்படும் மலாய் மேடை நாடகம் இவ்விதம் தொடங்கிற்று. இக்குழுக்கள் சிங்கப்பூர், சுமத்திரா, ஜாவா வரை சென்று ஆடின. அரபு நாட்டுக் கதைகளும், இந்துஸ்தானிக் கதைகளும், மலாய் மன்னர் சரித்திரங்களும் மேடையேறின.

பிற்பாடு சினிமா வந்தபோது, மேடை நடிகர்களே திரைக்கும் சென்றார்கள். 1933-ஆம் ஆண்டில் பி. எஸ். ராஜ்ஹன்ஸ் என்ற இந்திய இயக்குநர் பங்சாவான் நடிகர்களை வைத்துச் சிங்கப்பூரில் லைலா மஜ்னு கதையைப் படமாக்கினார். அரபு மண்ணின் கதை, இந்திய இயக்குநர், மலாய் நடிகர்கள் என்று மூன்றும் கலந்த இந்தப் பாதையில்தான் ரம்லி பின்னர் நடந்து வந்தார்.

பிறப்பும் கல்வியும்

ரம்லியின் இயற்பெயர் தெங்கு ஸக்கரியா. பிறந்த நாள் 1929-ஆம் ஆண்டு மார்ச் 22. தகப்பனார் தெங்கு ஞாக் புத்தே, சுமத்திராவில் அச்சே பகுதியின் லொக்சுமாவே ஊரிலிருந்து வந்த கடலோடி. தாயார் சே மா, கடலுக்கு அக்கரையிலுள்ள செபராங் பிறையைச் சேர்ந்தவர். அச்சேயும் பினாங்கும் மிளகு வணிகத்தாலும் ஹஜ்ஜுப் பயணத்தாலும் பிணைந்திருந்த ஊர்கள் என்பதை நம் பெரியவர்கள் நன்கறிவார்கள். அச்சே ஸ்திரீட்டும் அங்குள்ள பழைய பள்ளிவாசலும் அந்தத் தொடர்பின் சாட்சிகளாக நிற்கின்றன. கடல் கடந்து பிழைக்க வந்த குடும்பம் என்ற வகையில், சபராளிகளின் மக்களாகிய நமக்கும் அவருக்கும் அதிக தூரமில்லை.

பிற்காலத்தில் அவர் ரம்லி என்ற பெயரைச் சூட்டிக்கொண்டு, தகப்பனார் பெயராகிய புத்தே என்பதன் முதலெழுத்தை அதற்கு முன்னால் சேர்த்துக்கொண்டார். நாம் நம் பெயருக்கு முன் தகப்பனாரின் எழுத்தைப் போடுவது போன்றதே இதுவும். அந்த ஓரெழுத்தினால், கடலோடியான தகப்பனாரின் நினைவு மகனுடைய புகழோடு சேர்ந்து நிலைத்துவிட்டது.

சிறுவர் முதலில் கம்போங் ஜாவா மலாய்ப் பள்ளியிலும், அடுத்துப் பிரான்சிஸ் லைட் ஆங்கிலப் பள்ளியிலும், பின்னர் பினாங்கு ஃப்ரீ ஸ்கூலிலும் படித்தார். ஃப்ரீ ஸ்கூல் நம் கெலுகோருக்கு அண்மையில் கிரீன் லேன் சாலையில் இருக்கிறது. 1816-இல் தொடங்கப்பட்ட அந்தப் பள்ளியில் நம் சமூகத்துப் பிள்ளைகள் பலரும் பயின்றிருக்கிறார்கள். 1941 டிசம்பரில் ஜப்பானியர் குண்டு வீசிப் பினாங்கைக் கைப்பற்றினர்; ரம்லியின் படிப்புக்கும் தடை ஏற்பட்டது. ஜப்பானியக் கடற்படையினர் நடத்திய பள்ளியில் சிறிது காலம் பயின்றார். யுத்தம் முடிந்ததும் மீண்டும் ஃப்ரீ ஸ்கூலுக்குச் சென்றார்.

படிப்பைவிட இசையில்தான் அவர் மனம் ஒன்றியிருந்தது. கமருத்தீன் என்ற வாத்தியக்குழு ஆசிரியரிடம் முறையாக இசை பயின்றார். வயலின், கிட்டார், பியானோ முதலிய வாத்தியங்களை ஒவ்வொன்றாகக் கற்றுத் தேறினார். நண்பர்களைச் சேர்த்துக்கொண்டு குழு அமைத்து, கல்யாண வீடுகளிலும் விழாக்களிலும் வாசித்தார். 1947-ஆம் ஆண்டில் பினாங்கு வானொலி நடத்திய பாட்டுப் போட்டியில் முதற்பரிசு பெற்றார். அப்போது அவருக்கு வயது 18.

சிங்கப்பூர்ப் பிரவேசம்

1948-ஆம் ஆண்டில் புக்கிட் மெர்தாஜாமில் நடைபெற்ற விவசாயக் கண்காட்சியில் ரம்லியின் பாட்டு நடந்தது. முன்னே கூறிய இயக்குநர் ராஜ்ஹன்ஸ் தற்செயலாக அங்கு வந்திருந்தார். பாட்டைக் கேட்டார், பையனைச் சிங்கப்பூருக்கு அழைத்தார். அவ்வாண்டு ஆகஸ்டு மாதத்தில் ரம்லி ஊரை விட்டுப் புறப்பட்டார்.

சிங்கப்பூர் ஜாலான் அம்பாஸில் ஷா சகோதரர்களின் மலாய்ப் படக் கம்பெனி இருந்தது. அங்கே முதலாளிகள் சீனர்கள், இயக்குநர்கள் பெரும்பாலும் இந்தியர்கள், நடிகர்கள் மலாய்க்காரர்கள். ரம்லி தோன்றிய முதற்படம் 1948-இல் வெளியான சிந்தா. அதில் அவருக்குக் கிடைத்தது வில்லன் வேஷம். கதாநாயகனுக்குப் பின்னணி பாடும் வேலையும் அவருடையதே. முகப் பருக்களோடு நின்ற அந்த இளைஞருக்குக் கதாநாயகனாகும் களை உண்டென்று அன்று எவரும் எண்ணவில்லை.

அந்த எண்ணத்தை மாற்றியவர் எல். கிருஷ்ணன். சென்னையில் பிறந்து பினாங்கில் வளர்ந்த தமிழர் இவர். 1950-இல் தாம் இயக்கிய பக்தி என்ற படத்தில் ரம்லியைக் கதாநாயகனாக்கி, அவருடைய பாட்டை அவர் குரலிலேயே பாட வைத்தார். நடிப்பவர் ஒருவர், குரல் கொடுப்பவர் வேறொருவர் என்றிருந்த காலத்தில் அது துணிகரமான காரியம். படம் வெற்றி பெற்றது. அதன்பின் ரம்லிக்கு இறங்குமுகமே இல்லாத பத்தாண்டுகள் வாய்த்தன.

பி. என். ராவ், எஸ். இராமநாதன், பாணி மஜும்தார் ஆகிய இந்திய இயக்குநர்களிடம் அவர் நடித்தார். நடித்த நேரம் போக மீதி நேரத்தில் காமிராவுக்குப் பின்னால் நின்று தொழிலைக் கவனித்துக் கற்றார். கடையில் பெட்டியடியில் உட்காருமுன் மூட்டை பிரித்துச் சரக்கறிந்தவர்களே பின்னால் நல்ல முதலாளிகள் ஆகிறார்கள் என்பது நாம் கண்ட உண்மை. ரம்லியும் அவ்வாறே ஏழாண்டுகள் கற்று, 1955-இல் தம் முதற்படத்தை இயக்கினார். பெனாரிக் பேச்சா என்பது அதன் பெயர். பேச்சா மிதித்துப் பிழைக்கும் ஏழை வாலிபன் ஒருவனும், ஏழையை மதியாத பணக்காரர் ஒருவரும் வரும் கதை. பணக்காரரின் கருமித்தனத்தைச் சாடிய அந்தப் படத்தை ஏழை மக்கள் தங்கள் படமாகவே ஏற்றுக்கொண்டார்கள்.

படங்களும் படிப்பினைகளும்

1956-இல் ஹங் துவா என்ற சரித்திரப் படம் வண்ணத்தில் வெளிவந்தது. நாயகனாக நடித்ததோடு இசையமைப்பையும் ரம்லியே ஏற்றார். ஆசியத் திரைப்பட விழாவில் அந்த இசைக்குப் பரிசு கிடைத்தது.

அதே ஆண்டில் வந்த அனக்கு ஸஸாலி என்ற படம் தந்தைமார் அனைவரும் காண வேண்டியது. தாயில்லாத பிள்ளையைத் தகப்பன் செல்லம் கொடுத்து வளர்க்கிறான். பிள்ளை செய்த தவறுகளைக் கண்டும் காணாதவனாக இருக்கிறான். வளர்ந்த பிள்ளை கொடிய குற்றவாளியாகிறான். கடைசியில் அந்தத் தகப்பனே மகனைப் போலீசாரிடம் ஒப்படைக்க நேர்கிறது. தகப்பன், மகன் இரண்டு வேஷங்களையும் ரம்லியே ஏற்றார். 1957-இல் டோக்கியோவில் நடந்த ஆசியத் திரைப்பட விழாவில் சிறந்த நடிகர் என்ற பட்டம் இதனால் அவருக்குக் கிட்டியது. பரிசு பெற்றபோது அவருக்கு வயது 28. நரைத்த தலையுடன் அவர் தோன்றிய காட்சிகளைப் பார்த்தவர்கள் இதை நம்ப மாட்டார்கள்.

சிரிப்புப் படங்களிலும் அவருக்கு நிகரில்லை. அஸீஸ் சத்தார், எஸ். சம்சுத்தீன் ஆகிய இருவருடன் சேர்ந்து, கல்யாணமாகாத மூன்று நண்பர்களின் கதையாகப் புஜாங் லாப்போக் படத்தை 1957-இல் எடுத்தார். அந்த வரிசையில் பின்னும் மூன்று படங்கள் வந்தன. அவற்றுள் பெண்டேக்கார் புஜாங் லாப்போக், 1959-இல் கோலாலம்பூரில் நடந்த ஆசிய விழாவில் சிறந்த நகைச்சுவைப் படமாகத் தேர்ந்தெடுக்கப்பட்டது.

1962-இல் வந்த இபு மெர்துவாக்கு படத்தில் நம் பினாங்கும் ஓரிடம் பெறுகிறது. செல்வச் சீமாட்டியின் மகள் வாத்தியக்காரர் ஒருவரை மணந்துகொள்கிறாள். மாமியார் கைவிட, தம்பதிகள் பினாங்கு வந்து வறுமையில் வாடுகிறார்கள். வாத்தியத் தொழிலை இழிவாக எண்ணும் கௌரவம் ஒரு குடும்பத்தை எப்படிச் சிதைக்கும் என்பதே கதை. ரம்லி தம் வாழ்வில் பட்ட அவமானங்களும் இதில் கலந்திருக்கும் என்று எண்ணத் தோன்றுகிறது.

வியாபாரிகளாகிய நாம் குறிப்பாகக் காண வேண்டிய படம் 1964-இல் வெளியான தீகா அப்துல். மூன்று சகோதரர்களின் சொத்துக்கு ஆசைப்பட்ட ஒருவன், தன் மூன்று பெண்களை அவர்களுக்கு மணமுடித்துக் கொடுத்து, ஒரு நிபந்தனையும் விதிக்கிறான். கோபம் கொள்ளக் கூடாது. கோபப்பட்டால் சொத்தெல்லாம் போய்விடும். மூத்தவர் இருவரும் கோபத்தால் யாவும் இழந்து அடிமைகளாக விற்கப்படுகிறார்கள். இளையவன் மட்டும் பொறுமை காத்து, நிபந்தனை விதித்தவனையே கோபப்பட வைத்துச் சொத்தை மீட்கிறான். கோபத்தை அடக்குபவனே வீரன் என்ற நபிகளாரின் (ஸல்) போதனையைச் சிரிப்போடு நினைவூட்டும் கதை இது. கையெழுத்திடுமுன் பத்திரத்தைப் படித்துப் பார் என்ற எச்சரிக்கையும் இதில் உண்டு.

சந்தை சரிந்த காலம்

1961-இல் ரம்லி புகழ்பெற்ற பாடகி சலோமாவை மணந்தார். அதற்கு முந்தைய இரண்டு மணங்களும் நீடிக்கவில்லை. 1962-இல் அரசாங்க விருதும் அவருக்குக் கிடைத்தது. வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு எல்லாம் நிறைவாகவே தோன்றிற்று. உள்ளே சரிவு தொடங்கிவிட்டது.

முதலாவதாக, 1963-இல் இந்தோனேசியா பகைமை பாராட்டி வர்த்தகத் தொடர்பைத் துண்டித்தது. 1966 வரை இந்நிலை நீடித்தது. சுமத்திராவிலிருந்து வர வேண்டிய தொங்கான்கள் வராமல் நம் பினாங்கு வியாபாரம் பட்ட பாடு முதியவர்களுக்கு நினைவிருக்கும். மலாய்ப் படங்களுக்கும் அதே கதிதான். இந்தோனேசியச் சந்தை அடைபட்டது. இரண்டாவதாக, அதே 1963-இல் சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் டெலிவிஷன் வந்தது. காசு கொடுத்துக் கொட்டகைக்குப் போன மக்கள் வீட்டிலேயே உட்கார்ந்து பார்க்கலானார்கள். மூன்றாவதாக, இந்தியாவிலிருந்தும் ஹாங்காங்கிலிருந்தும் வண்ணப் படங்கள் வந்து குவிந்தன. கறுப்பு வெள்ளை மலாய்ப் படங்கள் அவற்றோடு போட்டியிட இயலவில்லை. ஜாலான் அம்பாஸ் ஸ்டூடியோ 1967-இல் மூடப்பட்டது.

ரம்லி அதற்கு முன்பே 1964-இல் கோலாலம்பூருக்கு வந்துவிட்டார். உலு கிளாங்கில் இருந்த மெர்டேக்கா ஸ்டூடியோவில் வேலை செய்தார். சிங்கப்பூரில் இருந்த தேர்ந்த தொழிலாளர்களும் வசதிகளும் அங்கே இல்லை. 1956-லேயே வண்ணப் படத்தில் நாயகனாக விளங்கியவர், கோலாலம்பூரில் தாம் எடுத்த படங்களையெல்லாம் கறுப்பு வெள்ளையிலேயே எடுக்க வேண்டியதாயிற்று. அவர் காலம் முடிந்துவிட்டது என்று பத்திரிகைகள் எழுதின. மேடையில் அவரைக் கண்டு இளைஞர்கள் கேலிக் குரல் எழுப்பியதும் உண்டு.

ஆயினும் அவர் ஓய்ந்து உட்காரவில்லை. 1968-இல் கெரிமிஸ் என்ற படத்தில், மலாய் ஓவியன் ஒருவனும் இந்தியப் பெண் ஒருத்தியும் இரு தரப்புப் பெற்றோரின் எதிர்ப்பையும் மீறி மணந்துகொண்டு படும் இன்னல்களைச் சித்திரித்தார். ஆண்டொன்று கழிந்து, 1969 மே 13-இல் கோலாலம்பூரில் இனக் கலவரம் மூண்டது. இனங்களுக்கிடையே திரண்டு நின்ற மனக்கசப்பைக் கலவரத்திற்கு முன்பே தொட்டுக்காட்டிய கலைஞர் அவர். அதே காலத்தில்தான் பினாங்கும் தன் சுங்கவரியில்லாத் துறைமுகத் தகுதியை இழந்து வேலையின்மையில் தவித்தது. ஊரும் ஊர் ஈன்ற கலைஞரும் ஒரே வேளையில் மெலிந்தார்கள்.

மறைவும் மரியாதையும்

1972-இல் அவருடைய கடைசிப் படம் வெளியாயிற்று. பொருள் முடை மிகுந்தது, உடலும் தளர்ந்தது. 1973-ஆம் ஆண்டு மே 29-ஆம் நாள் அதிகாலையில் மாரடைப்பால் வஃபாத்தானார். இன்னா லில்லாஹி வ இன்னா இலைஹி ராஜிஊன். வயது 44. கோலாலம்பூர் ஜாலான் அம்பாங் முஸ்லிம் மையவாடியில் அவர் ஜனாஸா அடக்கம் செய்யப்பட்டது. 25 ஆண்டுகளில் அவர் நடித்தவை 60-க்கும் மேற்பட்ட படங்கள். இயக்கியவை 30-க்கும் மேற்பட்டவை. இசையமைத்த பாடல்களோ பல நூறு.

அவர் போன பிறகுதான் நாடு விழித்துக்கொண்டது. 1982-இல் கோலாலம்பூரின் பாரி ரோட்டுக்கு அவர் பெயர் சூட்டப்பட்டது. 1986-இல் செத்தாப்பாக்கில் அவர் குடியிருந்த வீடு நினைவகமாக்கப்பட்டது. 1990-இல் டான் ஸ்ரீ பட்டம் வழங்கப்பட்டது. பட்டத்தை வாங்கிக்கொள்ள அவர் இல்லை. அவருக்குப் பத்தாண்டுகள் பிந்தி, 1983-லேயே சலோமாவும் மறைந்துவிட்டார்.

நாம் கொள்ள வேண்டிய பாடம்

சகோதரர்களே! இக்கதையை வியாபாரியின் கண்கொண்டு பாருங்கள். ரம்லி விளைவித்த சரக்கு இன்றும் விலை போகிறது. அவர் படங்கள் பெருநாள் தோறும் டெலிவிஷனில் ஓடுகின்றன. பாடல்கள் நாசி கண்டார் கடை வானொலிகளிலும் ஒலிக்கின்றன. ஆனால் அவர் கம்பெனியின் சம்பளக்காரர். படங்களின் உரிமை கம்பெனியினுடையது. தம் உழைப்பில் தமக்கொரு பங்கு என்று எழுத்தில் வாங்கி வைத்துக்கொள்ள அந்தக் காலத்துக் கலைஞர்களுக்கு வழியும் தெரியவில்லை; கேட்கும் வலிமையும் இல்லை. வலிமை தேட வேண்டுமென்றே 1954-இல் மலாயாக் கலைஞர் சங்கம் அமைக்கப்பட்டது. ரம்லி அதில் முன்னின்றார். 1957-இல் ஜாலான் அம்பாஸில் வேலைநிறுத்தமும் நடந்தது. எனினும் உரிமையில் பங்கு என்ற நிலை வரவில்லை.

கொடுக்கல் வாங்கலைச் சாட்சி வைத்து எழுதிக்கொள்ளுங்கள் என்று திருமறை பணிக்கிறது. உழைப்பாளியின் வியர்வை உலருமுன் கூலியைக் கொடுத்துவிடுங்கள் என்று நபிகளார் (ஸல்) போதித்திருக்கிறார்கள். இவ்விரண்டையும் நம் கடைகளில் நாம் எப்படிக் கடைப்பிடிக்கிறோம் என்று ஒவ்வொருவரும் நெஞ்சில் கைவைத்துப் பார்க்க வேண்டும். இருபது வருஷம் நம் கடையில் நின்று வாடிக்கை சேர்த்துத் தந்த ஊழியருக்குப் பங்கென்று ஏதும் எழுதி வைத்திருக்கிறோமா? வாய் வார்த்தையாகச் சொல்லி வைத்ததை நம் மக்கள் நாளைக்கு மதிப்பார்களா? வருஷக் கணக்கு முடித்து ஐந்தொகை எடுக்கும்போது இந்த வரியையும் எழுதிப் பார்ப்பது நலம்.

இன்னொன்றும் உண்டு. நம் பிள்ளைகளில் பாடக் கூடியவன், எழுதக் கூடியவன், படம் வரையக் கூடியவன் இருப்பான். கடைக்கு உதவாதவன் என்று அவனை ஒதுக்கிவிடாதீர்கள். மார்க்க வரம்புக்குள் நின்று அவன் திறமை வளர வழி செய்யுங்கள். தொழிலோடு கணக்கையும் கற்றுக் கொடுங்கள். புக்கிட் மெர்தாஜாமில் பாடிய பையனின் அருமையை அறிய வெளியூர்க்காரர் ஒருவர் வர வேண்டியிருந்தது. அவன் மறைந்த பின் சாலைக்குப் பெயரிட்டோம். உயிரோடிருக்கும்போது உதவுவதே உதவி.

கவுண்டர் ஹால் ரோட்டு வீட்டை இதுவரை காணாதவர்கள், ஒரு விடுமுறை நாளில் பிள்ளைகளையும் அழைத்துக்கொண்டு போய்ப் பார்த்து வாருங்கள். கெலுகோரிலிருந்து அதிக தூரமில்லை.

மர்ஹூம் பி. ரம்லி அவர்களின் பிழைகளைப் பொறுத்து, அவருடைய கபுரை விசாலமாக்கி, மறுமையில் நற்பேறு அளிக்குமாறு வல்ல நாயனிடம் இறைஞ்சுவோமாக. ஆமீன்.